உன் சிரிப்பில் இல்லாத பல்

அக்கா,

நேற்று சாயங்காலம் மழை வரும்போல இருட்டிக்கொண்டு வந்தது. வெந்நீர் போட விறகு எடுக்கலாம் என்று வீட்டுக்குப் பின்னால் போனேன். விறகு அடுக்கின் மேல் பழைய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, பறக்காமல் இருக்க மூலைக்கு மூலை செங்கல் வைத்திருந்தார்கள். வெள்ளைப் பக்கம் மேலே இருந்ததால் என்ன பேனர் என்று தெரியவில்லை. ஒரு செங்கல்லை நகர்த்தி ஓரத்தைத் தூக்கினேன். அடியில், தலைகீழாக, நீ சிரித்துக்கொண்டிருந்தாய்.

தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. யார் மேல் கோபப்படுவது? நம் ஊரில் செத்தவர்களின் பேனரை யாரும் தூக்கி எறிவதில்லை. காரியம் முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிப் பரணில் வைப்பார்கள். அப்புறம் ஒருநாள் மாட்டுக்கொட்டகை ஒழுகும், வைக்கோல் நனையும், பேனர் இறங்கி வந்துவிடும். கோடி வீட்டுப் பெரியவர் எத்தனை நாளாகக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக இருந்தார்! "செத்தும் மனுசன் குடும்பத்த நனைய வுடல பாரு" என்று நீதான் அவரைக் காட்டிச் சொல்லிச் சிரித்தாய். வழக்கம்போல வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். இப்போது உன் முறை வந்திருக்கிறது.

பேனரை இழுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பச்சைப் பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, சுற்றிலும் தாமரையும் புறாவும். நீ ஒருநாளும் அந்தப் புடவையைக் கட்டியதில்லை, அந்த நகையைப் போட்டதில்லை. அதெல்லாம் கடைக்காரன் கம்ப்யூட்டரில் வைத்திருந்து எல்லாப் பெண்களுக்கும் உடுத்தி அனுப்புவது. அதைக்கூட மன்னித்துவிடலாம். வாய் நிறைய வரிசையாகப் பல் இருக்கிறதே, அதில் ஒன்று உன்னுடையது இல்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

நான் இந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்த அன்று, மூத்த மருமகள் நீ சமையலறை வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். அழுகிறாயா, இருமுகிறாயா என்று எனக்குப் புரியவில்லை. கண்ணைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறாய். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள் என்று என் அம்மா வீட்டில் எல்லோரும் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீ வந்து என் தலைப்பூவைச் சரி செய்து, "பயப்படாதடி, இந்த வூட்ல சத்தம் ஜாஸ்தி, கடிக்க மாட்டாங்க" என்று காதோடு சொன்னாய். அன்றோடு எனக்கு இந்த வீட்டில் பயம் போய்விட்டது.

அதன் பிறகு நீயே என்னை பாண்டிச்சேரி மேட்டுப்பாளையத்துக் கம்பெனியில் சேர்த்துவிட்டாய். பாட்டில் மூடி செய்யும் கம்பெனி. பெல்ட்டில் மூடி மூடியாக வந்துகொண்டே இருக்கும், நெளிந்ததையும் உடைந்ததையும் பொறுக்கிப் போட வேண்டும். பேச்சு உன் வாயில் ஓடும், கண் மூடியில் இருக்கும். காலையில் கம்பெனி பஸ் நம் ஊருக்கு வரும். நோணாங்குப்பம் பாலத்தின் மேல் போகும்போது நீ எப்போதும் ஜன்னல் பக்கம். கீழே ஆற்றில் படகுகள் கட்டிக் கிடக்கும். படகுச் சவாரிக்கு ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு வெளியூர்க்காரர்கள் வரிசையில் நிற்பார்கள். "ஒரு நாளு போவணும்டி" என்பாய். பாலம் முடியும், உன் பேச்சும் வேறு பக்கம் போகும். மறுநாள் பாலம் வரும்போது திரும்பவும் அதே பேச்சு.

பாண்டிச்சேரியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பக்கத்திலேயே பிறந்து பக்கத்திலேயே வாழ்க்கைப்பட்ட நாம் பார்த்ததெல்லாம் பெரிய மார்க்கெட், பெரியாஸ்பத்திரி, தீபாவளிக்குத் துணிக்கடை. கடற்கரைக்குக்கூட யாருடைய அஸ்தியையாவது கரைக்கத்தான் போயிருக்கிறோம். ஊர் பார்ப்பது என்பது வேறு யாரோ செய்கிற வேலை என்று இருந்துவிட்டோம்.

அந்த நாள் தானாக வந்தது. கம்பெனி வாசலில் பஸ்ஸை விட்டு இறங்கினால் உள்ளே இருட்டு. டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றார்கள். சூப்பர்வைசர் வெளியே வந்து, "இன்னிக்கு ஒண்ணும் ஆவாது, எல்லாரும் கெளம்புங்க. சம்பளத்துல கழிக்க மாட்டாங்க" என்றார். கூட்டம் சந்தோஷமாகத் திரும்பவும் பஸ்ஸில் ஏறியது. நானும் படியில் கால் வைத்தேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாய்.

"ஏன்டி, இப்பவே வூட்டுக்குப் போனா அங்க என்னா இருக்கு?"

"துணி இருக்குது. அத்தை ஊறப் போட்டது."

"அது எங்க ஓடிடப் போவுது? வா."

"எங்கக்கா?"

"ஊர் பாக்க."

இரண்டே வார்த்தை. நான் பயந்தேன், நீ பயப்படவில்லை. நம் ஊரிலிருந்து அந்தக் கம்பெனிக்குப் போவது நாம் இரண்டு பேர்தான், வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்குப் போய்விட்டால் கேட்க யாருமில்லை என்று கணக்குப் போட்டுவிட்டாய். டவுன் பஸ் பிடித்து இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, மஞ்சள் சுவர்த் தெருக்களுக்குள் நுழைந்தோம். சுவரெல்லாம் காகிதப்பூ கொட்டிக் கிடந்தது. நீ கம்பெனியின் நீலக் கோட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே கட்டியிருந்தது வேலைக்குக் கட்டும் பழம்புடவை, முதுகுப் பக்கம் கிழிசல் இருந்தது. நீ கழற்றாததால் நானும் கழற்றவில்லை. கையில் சாப்பாட்டுப் பை. இப்படித்தான் நாம் பிரெஞ்சுக்காரன் கட்டிய தெருவில் உலா வந்தோம்.

ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாராவது நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ நின்று நின்று பார்த்தாய். "அடுத்தவன் வூட்டுக் கதவண்ட நின்னு இப்படிப் பல்லக் காட்டுறாங்களே, வூட்டுக்காரன் ஒண்ணும் கேக்க மாட்டானா?" என்றாய். அதற்குள் கார் ஒன்று நம் பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்த பையன் நீலக் கோட்டைப் பார்த்து நம்மை முனிசிபாலிட்டி ஆள் என்று நினைத்துவிட்டான். "அக்கா, பார்க்கிங் எங்க இருக்கு?" என்று கேட்டான். நீ கொஞ்சமும் யோசிக்காமல், "நேராப் போயி சோத்தாங்கைப் பக்கம் திரும்பு தம்பி" என்றாய். கார் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"எங்கனா ஒரு எடத்துல இருக்காமலா போவும்?"

அன்று முழுக்க நம்மிடம் வழி கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நீயும் சொல்லிக்கொண்டே இருந்தாய். உன்னை நம்பிப் போனவர்களில் பாதிப் பேர் இன்னும் அந்தத் தெருக்களில்தான் சுற்றிக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொருவரும் திரும்பிய பிறகு நீ கையை வாய்க்குக் கொண்டுபோவாய், தோள் குலுங்கும்.

வெயில் ஏறியதும் ஒரு வீட்டின் வாசற்படியில் நிழல் பார்த்து உட்கார்ந்தோம். கதவு திறந்தது. வெள்ளைக் கவுன் போட்ட வயதான அம்மா ஒருத்தி வெளியே வந்தாள். நம் நிறம்தான், பேச்சில் மட்டும் ஒரு இழுப்பு. நீ திட்டு வாங்கத் தயாராகி எழுந்துவிட்டாய். அவள், "உக்காருங்க மதாம், உக்காருங்க. வெயிலு பொல்லாத வெயிலு" என்று சொல்லி, உள்ளே போய்ப் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நீ குடித்துவிட்டுப் பாட்டில் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "நம்ம கம்பெனிது" என்றாய் என்னிடம், பெருமையாக. அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தத் தெரு முனையைத் தாண்டினோம். பிறகு கேட்டாய்.

"ஏன்டி, அந்தம்மா என்ன மதாம்னா கூப்ட்டாங்க?"

"ஆமாக்கா."

"என்னிய?"

பிரெஞ்சுச் சீமாட்டிகளைக் கூப்பிடும் வார்த்தை அது. அன்றிலிருந்து நீ எனக்கு மதாம்தான். பெல்ட்டில் எதிரே உட்கார்ந்து "என்ன மதாம், மூடியெல்லாம் ஒழுங்கா இருக்கா?" என்று கேட்பேன். மற்றவர்களுக்கு விளங்காது. நீ மட்டும் குனிந்துகொள்வாய்.

மத்தியானம் கடற்கரையில், பழைய கலங்கரை விளக்கத்துக்கு எதிரே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தோம். முதல்நாள் கருவாட்டுக் குழம்பு. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தச் சாலை முழுக்க விநியோகம் செய்தது. பக்கத்தில் குளிர்கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்த பெண் எழுந்து தள்ளிப் போனாள். நாய் ஒன்று கிட்டே வந்தது. "ஒருத்தி போனா ஒருத்தன் வரான்" என்று நீ அதற்கு ஒரு துண்டு போட்டாய். கடலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டதாலோ என்னவோ, அப்படி ஒரு ருசி. நேற்றைய குழம்பைத் தினமும் கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து தின்றுகொண்டுதானே இருந்தோம்.

அப்போதுதான் தொப்பிக்காரன் வந்தான். அகலமான வைக்கோல் தொப்பிகளை ஒன்றின் மேல் ஒன்றாகத் தலையில் அடுக்கிக்கொண்டு வந்தான். வாங்கப் போவதில்லை என்று நாம் சொல்லியும், "சும்மா போட்டுப் பாருங்கக்கா, அழகாருக்கும்" என்று ஒன்றை எடுத்து உன்னிடம் நீட்டினான். நீ கூச்சப்பட்டுக்கொண்டே கொண்டைக்கு மேல் வைத்தாய். வைத்த கை எடுக்கவில்லை, கடல் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டது. தொப்பி உருண்டு ஓடுகிறது, பின்னால் தொப்பிக்காரன் ஓடுகிறான், தலையில் இருந்த அடுக்கு சரிகிறது, நாயும் சேர்ந்து ஓடுகிறது. எதிரே வந்த சிவப்புத் தொப்பி போலீஸ்காரர் குனிந்து அதைப் பிடிக்கப் போனார். அவர் தொப்பியும் கழன்று விழுந்தது.

அக்கா, நீ அப்போது சிரித்தாய். நான் அதுவரை கேட்டதே இல்லை, அந்தச் சத்தத்தை. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, வாயைத் திறந்து சிரித்தாய். மேல் வரிசையில், மூக்குத்திக்கு நேர் கீழே, ஒரு பல் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அத்தனை வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவள் நான், எனக்கு அன்றுதான் அது தெரிந்தது. என் கையில் போன் இருந்தது. எடுத்துவிட்டேன்.

காட்டினேன். நீ போனை வாங்கி, வெயிலுக்கு முந்தானையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாய். மறைக்கச் சொல்வாய், அழிக்கச் சொல்வாய் என்று நினைத்தேன்.

"நானாடி இது?" என்றாய்.

"பின்ன யாரு, மதாமா?"

"நல்லாத்தான்டி இருக்கேன்."

இதை நீ எப்படிச் சொன்னாய் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்டவளுக்கு விடுதலை என்று யாரோ படித்துக் காட்டிய மாதிரி சொன்னாய். பிறகு, "வூட்ல காட்டாத" என்று போனை என்னிடமே கொடுத்துவிட்டாய்.

பொழுது இன்னும் இருந்தது. நோணாங்குப்பம் போனோம். தினமும் மேலிருந்து பார்த்த வரிசையில் நாமும் நின்றோம். ஆரஞ்சுச் சட்டையைக் கோட்டுக்கு மேலேயே மாட்டிக்கொண்டாய். படகு நகர்ந்தது. நீ ஒரு கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் கேட்கவில்லை, நீயாகத்தான் சொன்னாய்.

கல்யாணமான புதிதில், தெருவில் இருந்த அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கைப்பிடி எகிறி வாயில் அடித்ததாம். பல் உடைந்து, வேரோடு பிடுங்க வேண்டியதாகிவிட்டது. காயம் ஆறிய பிறகு ஒருநாள் உன் வீட்டுக்காரர், மாமாவின் கூட்டாளிகள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். ஏதோ பேச்சில் நீ சிரித்திருக்கிறாய். அவர்கள் போன பிறகு மாமா உன்னிடம் ஒன்று சொன்னாராம்.

"'சிரிக்கும்போது கொஞ்சம் கைய வெச்சிக்கயேன்'னாரு. அவ்ளோதான். அதட்டலாம் இல்ல. வெளாட்டாதான் சொன்னாரு."

"நீ என்னா சொன்ன?"

"சரின்னேன். கைய வெச்சேன். அப்புறம் எடுக்கணும்னு தோணல."

தண்ணீரில் இருந்த கையை எடுத்து உதறினாய். "இன்னிக்கு யாரு இருக்காங்க நம்மளத் தெரிஞ்சவங்க? யாருக்காவப் பொத்தறது?" என்றாய். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாய். "அவரண்ட சொல்லிடாதடி. அவருக்கு இது ஞாபகமே இருக்காது. தெரிஞ்சா தாங்க மாட்டாரு, மனசு ஒடஞ்சிடும்." நான் தலையாட்டினேன்.

அந்த நேரம் பார்த்துப் பாலத்தின் மேல் நம் ஊர் பஸ் போனது. கீழே இருந்து பார்க்க அது எவ்வளவு சின்னதாக இருந்தது! நீ குழந்தை மாதிரி எழுந்துவிட்டாய், படகு ஆடியது, படகுக்காரர் சத்தம் போட்டார். "தோ பாருடி, நம்ம இல்லாமயே நம்ம பஸ் போவுது!" என்று கத்தி, வலது கையை உயரத் தூக்கி ஆட்டினாய். சிரித்துக்கொண்டே ஆட்டினாய். பஸ்ஸில் யாரும் நம்மைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அத்தை, "இன்னிக்கு வேல ஜாஸ்தியா, மூஞ்சி கருத்திருக்குது" என்றாள். நீ ஊறிக் கிடந்த துணியைப் பிழியப் போனாய். அவ்வளவுதான் நம் ஊர் பார்த்த கதை. இன்னொரு நாள் போகலாம் என்று பேசிக்கொண்டோம். கம்பெனியில் டிரான்ஸ்பார்மர் அதற்கப்புறம் வெடிக்கவே இல்லை.

அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கினாய், பாலம் வந்தது உனக்குத் தெரியவில்லை, நானும் எழுப்பவில்லை. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் ஏதோ குறைந்துவிட்டது என்றார்கள், ஏற்றினார்கள். பேசிக்கொண்டிருந்த நீ பேச்சை நிறுத்தினாய். அப்புறம் உன்னை மூடித்தான் வெளியே கொண்டுவந்தார்கள். இதற்கு மேல் எழுத என் கை வரவில்லை, அக்கா. இன்றைக்கும் வரவில்லை.

பேனர் அடிக்கப் போட்டோ வேண்டும் என்றார்கள். வீடு முழுக்கத் தேடினோம். கல்யாணப் போட்டோவில் நீ குனிந்திருந்தாய். ஆதார் அட்டையில் உதட்டைப் பூட்டிக்கொண்டு யாரையோ முறைத்தாய். மற்ற எல்லாவற்றிலும், உன் மகள் கல்யாணத்தில்கூட, பாதி முகத்தில் கை. உன் மகள் கடலூரிலிருந்து வந்து இறங்கி ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, "எங்கம்மாவுக்கு ஒரு மூஞ்சி கூட இல்லயா?" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். காட்டாதே என்று நீ சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் அந்தப் பெண் அழுததைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. போனை எடுத்துக் கொடுத்தேன்.

கூடத்தில் அழுகை நின்றுவிட்டது. போன் கை மாறிக் கை மாறிப் போனது. "அம்மாவா இது?" என்றாள் உன் மகள். அத்தை கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இவ எப்படி இப்படிச் சிரிச்சா? எங்க போயி சிரிச்சா?" என்று கேட்டாள். கம்பெனி லீவு விட்ட அன்று பீச்சுக்குப் போனதைச் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். "போய்ட்டு வந்தாளே, அதுவாச்சும் போய்ட்டு வந்தாளே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

கடைசியில் மாமாவின் கைக்குப் போனது. அவர் திரையை விரலால் பெரிதாக்கி உன் வாயைப் பார்த்தார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"பல்லு தெரியுதுடா. அவளுக்குப் புடிக்காது. ஊரே பாக்கும், கூச்சப்படுவா. கடைல சொல்லி ஒரு பல்லு வெச்சிடச் சொல்லு."

"வேணாம் மாமா, அப்படியே இருக்கட்டும்" என்றேன். "பாவம், அவ மறைச்சி மறைச்சியே வாழ்ந்துட்டா. போறப்பவாச்சும் நல்லபடியாப் போவட்டும்" என்றார். அவர் கண்ணைப் பார்த்த பிறகு நான் விட்டுக்கொடுத்துவிட்டேன். உன் மேல் உள்ள பிரியத்தில்தான் அவர் அதைச் சொன்னார். அதனால்தான் எனக்கு இன்னும் வலிக்கிறது. பொழுது சாய்வதற்குள் தெருமுனையில் நீ கட்டித் தொங்கவிடப்பட்டாய், பட்டுப்புடவையும் புதுப் பல்லுமாக. பார்த்தவர்களெல்லாம் மகாலட்சுமி மாதிரி இருக்கிறாள் என்றார்கள்.

அந்த வருடப் புயல் மழையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து என் போன் செத்துப்போனது. எத்தனையோ கடையில் கொடுத்துப் பார்த்தேன், ஒன்றும் எடுக்க முடியவில்லை. ஃபிளெக்ஸ் கடையில் போய்க் கேட்டேன். பல் வைத்ததுதான் இருக்கிறதாம், முந்தினதை அழித்துவிட்டார்களாம். அழகாக்கிய பிறகு பழையதை யார் வைத்துக்கொள்வார்கள்? அன்று கடைவாசலில் நின்று நான் அழுததைத்தான் இரண்டாவது சாவு என்று சொல்வேன்.

நேற்று விறகுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்றேனே, மாமா தேடிக்கொண்டு வந்தார். பேனரைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அவர்தான் தெரியாமல் எடுத்துப் போர்த்தியிருக்கிறார், வெள்ளைப் பக்கத்தைப் பார்த்து. என் எதிரே குந்தி உட்கார்ந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருஷத் தெவசம் வருது. பிரேம் போட்டு மாட்டணும்" என்றார். "இது வேணாம்மா. தெனம் தூங்கப் போறப்போ கண்ண மூடனா இந்த மூஞ்சிதான் வருது. இது யாருன்னே எனக்குத் தெரில. நான் இவகூடக் குடித்தனம் பண்ணல. நீ எடுத்த போட்டோ இருக்குதா, பல்லு வெக்கறதுக்கு முன்னாடி இருந்தது?"

"போன் போச்சே மாமா. கடையிலயும் இல்ல."

அவர் தலையை மட்டும் ஆட்டினார். பிறகு எழுந்து போய், வெந்நீர் அடுப்பின் சாம்பலைக் கிளறி ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். பேனரைச் சமமாக இழுத்துவிட்டு உன் முகத்துக்கு நேரே குனிந்தார். கரி பல்வரிசையின் மேல் இங்கும் அங்கும் போய் அந்தரத்தில் நின்றது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எந்தப் பல்லும்மா?"

அக்கா, உன் புருஷனுக்கு அது தெரியவில்லை.

"மேல் பல்லு மாமா. மூக்குத்திக்கு நேரா கீழ" என்றேன்.

அவர் அந்த ஒரு பல்லை மட்டும், வழியாமல், உதட்டில் படாமல், மெதுவாகக் கறுப்பாக்கினார். அத்தை பின்வாசலுக்கு வந்து, "டேய், என்னாடா பண்ற அவ மூஞ்சில?" என்று கத்தினாள். அவர் தள்ளி நின்று பார்த்தார். தாமரையும் புறாவும் பச்சைப் பட்டும் அப்படியே இருந்தன. நடுவில் நீ வந்துவிட்டாய். தொப்பி ஓடுகிறது, போலீஸ்காரர் குனிகிறார், நீ சிரிக்கிறாய்.

"இவதான்" என்றார் மாமா. கரிக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஊர்க்காரங்கன்னா சரி, வெக்கம். எங்கிட்ட கூடவாம்மா? நாங்க ரெண்டே பேரு இருக்கறப்பக்கூட அவ கைய எடுத்ததில்ல. ஏன்னு உங்கிட்டயாவது சொன்னாளா?"

படகும் தண்ணீரும், நீ உதறிய கையும் அப்படியே என் கண்முன் வந்து நின்றன. "தெரில மாமா" என்றேன்.

மழை பிடித்துக்கொண்டது. அவர் பேனரைச் சுருட்டவில்லை, கரி அழிந்துவிடும் என்று விரித்தபடியே இரண்டு கையாலும் தூக்கி, தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். விறகு முழுக்க நனைந்துவிட்டது.

அவர் சொல்லி மறந்துவிட்ட அந்த ஒரு வார்த்தையை நீ அத்தனை வருடம் வைத்துக்கொண்டிருந்தாய். இப்போது அது என்னிடம் இருக்கிறது, மதாம். யாரிடமும் இறக்கி வைக்க முடியாது. நாளைக் காலையில் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காருவேன், அது இப்போது என் இடம். பாலம் வரும்போது கீழே பார்ப்பேன். நீ இல்லாமலே நம் பஸ் போகும்.